சி மொழியில் வெவ்வேறு அளவு எண்களை ஒப்பிடுவது: பிட் உதிராமல் பார்த்துக்கொள்ளும் வழிமுறை

எட்டு பிட் ஏவிஆர் சிப்பில் பல வருஷம் ஒழுங்காக ஓடிய ஒரு மோட்டார் கன்ட்ரோலர் புரோகிராமை 32 பிட் ஆர்ம் சிப்புக்கு மாற்றும் வேலை ஒருமுறை எனக்கு வந்தது. ரெஜிஸ்டர் பெயர்கள் மாறின, டைமர் அமைப்பு மாறியது, லாஜிக்கில் கை வைக்கவில்லை. பெஞ்சில் நன்றாக ஓடியது. களத்துக்குப் போன பிறகு எப்போதாவது ஒரு யூனிட் காத்திருக்கும் நிலையிலேயே உறைந்து நின்றது. பவரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அதனால் யாருக்கும் பிடிபடவில்லை. பல நாள் தேடிக் கண்டுபிடித்த வரி இது:

    யூஇன்ட்16_டி தொடக்கம், இப்போது;
    இஃப் (இப்போது - தொடக்கம் >= 100)
        அடுத்த_நிலை();

யூஇன்ட்16_டி என்பது மைனஸ் வராத 16 பிட் எண். மில்லிசெகண்ட் கவுன்ட்டரும் 16 பிட். 65535-ஐத் தாண்டினால் 0-க்குத் திரும்பும். தொடக்கம் 65530, இப்போது 5 என்றால் இடையில் ஓடியது 11 மில்லிசெகண்ட். ஏவிஆரில் இந்தக் கழித்தல் 11 என்றுதான் தந்தது. ஆர்மில் அதே கழித்தல் -65525 தந்தது. வரி ஒன்று, எழுத்துக்கு எழுத்து அதேதான். சிப் மாறியதும் பொருள் மாறிவிட்டது. தொடக்கம் 65436-க்கும் 65535-க்கும் நடுவில் விழுந்துவிட்டால் வித்தியாசம் ஒருபோதும் 100-ஐ எட்டாது. 65536 மதிப்புகளில் 100, அதாவது ஏறக்குறைய 655 முறைக்கு ஒருமுறை. பெஞ்சில் பத்து இருபது தடவை போட்டுப் பார்த்தவர்களுக்கு இது சிக்காது.

இப்படிப்பட்ட பிழைகளை எழுதும்போதே தவிர்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். கோடில் வரும் சி சொற்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒப்பீடு எந்த டைப்பில் நடக்கிறது என்று பாருங்கள்

‘அ < ஆ’ என்று எழுதினால் அந்த இரண்டையும் கம்பைலர் அப்படியே ஒப்பிடுவதில்லை. இரண்டையும் ஒரே டைப்புக்கு, அதாவது ஒரே அகலமும் ஒரே மைனஸ் விதியும் உள்ள எண் வகைக்கு, கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடும். அந்தப் பொது டைப் எது என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் உயர்த்துதல். சார், ஷார்ட், யூஇன்ட்8_டி, யூஇன்ட்16_டி போல இன்டைவிடச் சிறிய டைப் எதுவானாலும், அதன் எல்லா மதிப்பும் இன்டில் அடங்குமானால், கணக்குக்குள் நுழைந்ததுமே இன்ட் ஆகிவிடும். ஆர்மில் இன்ட் 32 பிட். அதனால் இப்போது, தொடக்கம் இரண்டும் இன்ட் ஆகி, கழித்தலின் விடையும் மைனஸ் வரக்கூடிய இன்ட் ஆனது. ஏவிஆரில் இன்டே 16 பிட்தான். யூஇன்ட்16_டி அங்கே அன்சைன்டு இன்ட், அதாவது மைனஸ் வராத இன்ட். உயர்த்த எதுவும் இல்லை, கழித்தல் 65536-க்குள்ளேயே சுற்றி 11 தந்தது. பழைய கோட் சரியாக ஓடியதற்குக் காரணம் சிப்பின் அளவுதான். அதைத் திருத்த ஒரு காஸ்ட், அதாவது மதிப்பை இந்த டைப்புக்கு மாற்று என்று அடைப்புக்குள் எழுதும் கட்டளை, போதும்:

    இஃப் ((யூஇன்ட்16_டி)(இப்போது - தொடக்கம்) >= 100)

இங்கே மேல் பிட்டுகளை நாமே வேண்டுமென்று வெட்டுகிறோம். வெட்டுவது எப்போதும் தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கவுன்ட்டர் 16 பிட்டில் சுற்றுகிறது என்றால் வித்தியாசமும் 16 பிட்டில் சுற்றத்தான் வேண்டும். செக்சம் பார்ப்பதும் இதே கதை. தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்க, பைட்டுகளைக் கூட்டி அதன் கடைசி எட்டு பிட்டை மட்டும் அனுப்புவதுதான் இங்கே செக்சம். சீரியல் லைனில் 200, 100 என்று இரண்டு பைட் வந்து, மூன்றாவது பைட்டாகச் செக்சம் 44 வருகிறது. ‘முதல் + இரண்டு == செக்சம்’ என்று எழுதினால் கூட்டல் இன்டில் நடந்து 300 வரும்; 300-ம் 44-ம் சமமாகாது; நல்ல பாக்கெட் குப்பைக்குப் போகும். கூட்டலை யூஇன்ட்8_டி-க்குக் காஸ்ட் செய்த பிறகு ஒப்பிட வேண்டும். 255 வைத்திருக்கும் ஒரு பைட்டை ‘~’ போட்டுப் புரட்டி 0-வுடன் ஒப்பிட்டாலும் பொய்யென்றே வரும், ஏனென்றால் புரட்டியது 32 பிட் இன்ட், விடை -256.

இரண்டாம் கட்டம், இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துதல். இரண்டும் சைன்டு (மைனஸ் வரக்கூடியது), அல்லது இரண்டும் அன்சைன்டு என்றால் பெரிய டைப் ஜெயிக்கும், சிக்கல் இல்லை. ஒன்று சைன்டு, மற்றது அன்சைன்டு என்றால் மூன்று வழி. அன்சைன்டு டைப் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் சைன்டு அன்சைன்டாக மாறும். சைன்டு டைப் பெரிதாகி, அன்சைன்டின் எல்லா மதிப்பையும் தாங்குமானால் பொது டைப் சைன்டு. சைன்டு டைப் தரவரிசையில் (இன்டுக்கு மேல் லாங் என்பது போல) பெரிதாக இருந்தும் தாங்க முடியாவிட்டால், இரண்டுமே அந்தச் சைன்டு டைப்பின் அன்சைன்டு வடிவத்துக்குப் போகும்.

மூன்றாவது வழி வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 32 பிட் அன்சைன்டு இன்டில் 1, லாங்கில் -1 வைத்துக்கொண்டு ‘-1 < 1’ என்று கேளுங்கள். 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், விடை மெய். 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட்டாகவே நிற்கிறது, விடை பொய். இரண்டு மெஷினுக்கும் போகும் கோடில் லாங் என்ற டைப்பையே நான் எழுதுவதில்லை. இன்ட்32_டி, இன்ட்64_டி என்று அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் டைப்புகள் 1999-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து சி-யில் இருக்கின்றன.

படி 2: பிட் எந்த வாசலில் உதிர்கிறது என்று தேடுங்கள்

ஒப்பீடு பொதுவாகச் சிறியதைப் பெரியதாக்கும், பெரியதை வெட்டாது. அப்படியானால் வெட்டு எங்கே நடக்கிறது? ஒப்பீட்டுக்கு முந்தைய வரியில். பெரிய மதிப்பைச் சிறிய வேரியபிளில் போடும்போது, சிறிய பாராமீட்டருக்கு அனுப்பும்போது, சிறிய டைப்பில் ரிட்டர்ன் செய்யும்போது, காஸ்ட் போடும்போது. வாசல் இந்த நான்கும்தான். ஒப்பீடு நடக்கும் வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழை தெரியாது.

    யூஇன்ட்16_டி நீளம் = ஸ்ட்ர்லென்(பெயர்);
    இஃப் (நீளம் >= 64)
        ரிட்டர்ன் பிழை;
    ஸ்ட்ர்காப்பி(இடம், பெயர்);

இரண்டாவது வரியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் பெயர் 65546 பைட் நீளம் என்றால், முதல் வரியிலேயே நீளம் 10 ஆகிவிடுகிறது. காவல்காரர் 10-ஐப் பார்த்து உள்ளே விடுகிறார். 64 பைட் இடத்தில் 65546 பைட்டுக்கு மேல் கொட்டுகிறது. நீளம் என்பதை ஸ்ட்ர்லென் தருகிற சைஸ்_டி-யாகவே (அளவுகளுக்கென்றே உள்ள அன்சைன்டு டைப்) வைத்திருந்தால் இது நடந்திருக்காது. முழு அகலத்தில் ஒப்பிடுங்கள், தேர்ச்சி பெற்ற பிறகு சுருக்குங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இது பாடப்புத்தகப் பிழை மட்டும் அல்ல. 2001 பிப்ரவரியில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர்களில் வெளியான ஓட்டை இதே ரகம். தாக்குதலைக் கண்டறிவதற்கென்றே எழுதிய ஃபங்ஷனில், 32 பிட்டில் கணக்கிட்ட டேபிள் அளவை 16 பிட் வேரியபிளில் போட்டிருந்தார்கள். பெரிய பாக்கெட் வந்து அளவு 65536 ஆனதும் 16 பிட்டில் அது 0. பூஜ்ய அளவுக்கு மெமரி வாங்கி அதில் எழுதத் தொடங்கியது. இருபது வருஷம் கழித்து, 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் லினக்ஸ் கெர்னலில் வெளியிட்ட ‘செக்கோயா’ ஓட்டையும் அதே வாசல்தான், அகலம் மட்டும் வேறு. பாதையின் நீளம் 1 ஜிபி-யைத் தாண்டும் அளவுக்கு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உண்டாக்கி, மவுன்ட் செய்து, அழித்துவிட்டு, மவுன்ட் பட்டியலைப் படித்தால் கெர்னலின் பஃபர் 2 ஜிபி வரை வளர்கிறது. சைஸ்_டி-யில் இருந்த அந்த அளவு இன்ட் பாராமீட்டருக்குப் போகும்போது -2147483648 ஆனது. சாதாரண யூசர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசர், ஆக முடிந்தது.

பாராமீட்டர் வாசல் ஏமாற்றும் வாசல். அழைக்கும் இடத்தில் டைப் எதுவும் எழுதியிருக்காது. ஹெடர் ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ‘மின்’, ‘மேக்ஸ்’ மேக்ரோக்களும் அப்படி. லினக்ஸ் கெர்னலில் மின்_டி என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. எந்த டைப்பில் ஒப்பிட வேண்டும் என்று நாமே சொல்லலாம். நீளம் 256 இருக்கும்போது எட்டு பிட் டைப்பைச் சொன்னால், 256 முதலில் 0 ஆகி, அதற்குப் பிறகுதான் 100-உடன் ஒப்பீடு. சின்னது எது என்ற கேள்விக்கு விடை 0. எப்போதும் இரண்டில் பெரிய டைப்பைத்தான் அங்கே சொல்ல வேண்டும்.

அர்டுயினோவில் பழகுகிறவர்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊனோ போர்டில் இன்ட் 16 பிட். போர்டு தொடங்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும் மில்லிஸ் தருவது 32 பிட் அன்சைன்டு லாங். ‘இன்ட் முன்பு = மில்லிஸ்()’ என்று வைத்து, ‘மில்லிஸ்() - முன்பு’ 1000-ஐ எட்டும்போதெல்லாம், அதாவது ஒரு வினாடிக்கு ஒருமுறை, எல்இடி மினுக்க எழுதுங்கள். 32 வினாடி அழகாக மினுக்கும். 33-வது வினாடியில் முன்பு என்பது மைனஸில் போய், கழித்தால் 65536-க்கு மேல் வந்து, அதிலிருந்து லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நிபந்தனை மெய்யாகிவிடும். எல்இடி மங்கலாக எரிவது போலத் தெரியும். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, கண்ணாலேயே பார்க்கலாம்.

சிறிய டைப் கட்டாயம் வேண்டிய இடங்கள் உண்டு: நெட்வொர்க் பாக்கெட்டின் நீளப் புலம், ஃபைல் ஹெடர், சிப்பின் ரெஜிஸ்டர். அங்கே சுருக்குவதற்கென்று ஒரே ஒரு வாசலை வையுங்கள்:

    பூல் யூ16_ஆக்கு(யூஇன்ட்மேக்ஸ்_டி பெரியது, யூஇன்ட்16_டி *சிறியது)
    {
        இஃப் (பெரியது > யூஇன்ட்16_மேக்ஸ்)
            ரிட்டர்ன் ஃபால்ஸ்;
        *சிறியது = (யூஇன்ட்16_டி)பெரியது;
        ரிட்டர்ன் ட்ரூ;
    }

பாராமீட்டர் யூஇன்ட்மேக்ஸ்_டி, அதாவது இருப்பதிலேயே பெரியது. அதை யூஇன்ட்32_டி என்று எழுதியிருந்தால், 64 பிட் மதிப்பு சோதனைக்கு வருவதற்கு முன்பே வாசலில் வெட்டுப்பட்டிருக்கும்.

படி 3: ரிட்டர்ன் டைப்பைத் தனியாகச் சோதியுங்கள்

நான்கு வாசலில் நான் மிகவும் பயப்படுவது ரிட்டர்ன். காரணம் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் 2012-இல் வெளியான ஓட்டை; அதன் பதிவு எண் சிவிஇ-2012-2122. அதிலிருந்து பிரிந்த மரியாடிபி-யிலும் அதே கோட் இருந்தது.

யூசர் லாகின் செய்யும்போது, சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் சரத்தை அனுப்பும். பாஸ்வேர்டையும் அந்தச் சரத்தையும் கலந்து உருவாக்கிய ஹேஷைக் கிளையன்ட் திருப்பி அனுப்பும். சர்வர் தன் பக்கம் கணக்கிட்டதோடு அதை மெம்கம்ப் கொண்டு ஒப்பிடும். மெம்கம்ப் சமம் என்றால் 0, இல்லையென்றால் நெகட்டிவோ பாசிட்டிவோ தரும். எவ்வளவு என்று சி தரம் சொல்லவில்லை. இன்டில் அடங்கும் எந்த எண்ணாகவும் இருக்கலாம். அந்த இன்டை அப்படியே ரிட்டர்ன் செய்த ஃபங்ஷனின் டைப் மை_பூல். பெயரில்தான் பூல், உண்மையில் அது எட்டு பிட் சார்.

சில லினக்ஸ் மெஷின்களில் வேகத்துக்காக எழுதிய, ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் மெம்கம்ப் -128 முதல் 127 வரையிலான எல்லையைத் தாண்டிய எண்களையும் தந்தது. அப்படி வரும் எண்ணின் கடைசி எட்டு பிட் பூஜ்யமாக இருந்தால், உதாரணமாக 512 என்றால், வெட்டிய பின் 0. அதாவது ‘சமம்’. தப்பான பாஸ்வேர்டு சரியானதாக ஏற்கப்படும். வாய்ப்பு 256-க்கு 1. தற்செயல் சரம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் அதே தப்பான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பப் போட்டால் போதும். 1000 முறை முயன்றால் உள்ளே போக 98 சதவீத வாய்ப்பு. ரூட் என்ற யூசர் பெயர் எல்லோருக்கும் தெரியும். கம்பைலர் தானே செருகிய மெம்கம்ப் இருந்த இடங்களில் பிழை தலைகாட்டவே இல்லை, அதனால்தான் இத்தனை காலம் தப்பித்தது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய பழக்கம்: மெம்கம்ப், ஸ்ட்ர்கம்ப் போன்றவை தரும் எண்ணை எங்கேயும் சேமிக்காதீர்கள், கடத்தாதீர்கள். அழைத்த வரியிலேயே 0-வுடன் ஒப்பிட்டு மெய், பொய் ஆக்குங்கள்.

    ரிட்டர்ன் மெம்கம்ப்(அ, ஆ, 20) != 0;

‘!=’ தருவது 0 அல்லது 1. அதை எந்த அகலத்தில் வெட்டினாலும் மாறாது. சி-யின் சொந்த பூல் டைப்பும் இங்கே காப்பாற்றும். பூஜ்யமில்லாத எதை அதில் போட்டாலும் 1 ஆகிவிடும். நாமே சாரை பூல் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டால்தான் அந்தக் காப்பு போய்விடுகிறது. பழைய கோடில் இப்படிப்பட்ட டைப்டெஃப் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

கொடி பிட்டுகளைச் சோதிக்கும் ஃபங்ஷன்களிலும் இதே நோய். 64 பிட் கொடியில் 40-வது பிட் இருக்கிறதா என்று ‘&’ போட்டு, விடையை இன்டில் ரிட்டர்ன் செய்தால், அந்தப் பிட் இன்டின் 32 பிட்டுக்கு வெளியே நிற்பதால் எப்போதும் 0. அங்கேயும் ‘!= 0’ சேர்த்தால் தீர்ந்தது.

வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டுக்கு எழுதும் ஒப்பீட்டு ஃபங்ஷன் மூன்றாவது இடம். ‘ரிட்டர்ன் அ - ஆ’ என்பது பலருக்குக் கைப்பழக்கம். அ, ஆ 64 பிட் என்றால், வித்தியாசம் 4294967296 ஆகும்போது இன்டில் 0. வெவ்வேறான இரண்டு எண் சமம் என்று பதில் போகும். 3000000000 என்றால் மைனஸாக மாறி வரிசையே தலைகீழாகும். இரண்டும் 32 பிட் இன்டாகவே இருந்தாலும் கழித்தல் எல்லை மீறலாம். கழிக்காமல் ஒப்பிடுங்கள்:

    ரிட்டர்ன் (அ > ஆ) - (அ < ஆ);

பெரியதென்றால் 1, சிறியதென்றால் -1, சமமென்றால் 0. கழித்தல் இருந்தாலும் அது 0, 1 இரண்டுக்கும் நடுவில்தான்.

படி 4: மைனஸ் வரக்கூடியதை முதலில் மைனஸா என்று கேளுங்கள்

    எஸ்சைஸ்_டி வந்தது = ரீட்(எஃப்டி, &தலைப்பு, சைஸ்ஆஃப்(தலைப்பு));
    இஃப் (வந்தது < சைஸ்ஆஃப்(தலைப்பு))
        ரிட்டர்ன் பிழை;

ரீட் தோற்றால் -1 தரும், அதனால்தான் அதை வாங்கும் எஸ்சைஸ்_டி சைன்டு. சைஸ்ஆஃப் தருவது சைஸ்_டி, அன்சைன்டு. படி 1-இன் விதிப்படி -1 அன்சைன்டாகி 64 பிட்டில் 18446744073709551615 ஆகிவிடும். அது தலைப்பின் அளவைவிடச் சிறியதா? இல்லை. பிழைச் சோதனை தாண்டிப் போய், ஒன்றுமே வராத தலைப்பை வந்ததாக நினைத்துப் படிக்கத் தொடங்குகிறது. பிழை நேரத்தில் மட்டும் தோற்கும் பிழைச் சோதனை. டிஸ்க்கும் நெட்வொர்க்கும் நலமாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. எழுத வேண்டியது:

    இஃப் (வந்தது < 0 || (சைஸ்_டி)வந்தது < சைஸ்ஆஃப்(தலைப்பு))

வரிசை முக்கியம். மைனஸ் இல்லை என்று உறுதியான பிறகுதான் காஸ்ட். சைஸ்ஆஃபை இன்டாகக் காஸ்ட் செய்து சரிக்கட்டும் பழக்கமும் பார்த்திருக்கிறேன். தலைப்புக்கு அது போதும், பெரிய பஃபர் அளவுக்கு அதே பழக்கம் படி 2-இல் சொன்ன வாசலைத் திறந்துவிடும். 32 பிட் சைன்டையும் 32 பிட் அன்சைன்டையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் இன்ட்64_டி-க்கு உயர்த்துவது எளிது, படிக்கவும் தெளிவு. சி++ 20-இல் இதற்கென்று ரெடிமேட் ஒப்பீட்டு ஃபங்ஷன்கள் வந்துவிட்டன. சி-யில் நாம்தான் எழுத வேண்டும்.

அன்சைன்டு கழித்தலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘ஸ்ட்ர்லென்(அ) - ஸ்ட்ர்லென்(ஆ) > 0’ என்பது அ நீளமானதா என்ற கேள்வி இல்லை. இரண்டும் வெவ்வேறு நீளமா என்ற கேள்வியாகிவிடுகிறது. கழிக்காமல் நேராக ‘>’ போடுங்கள்.

படி 5: சார் என்பதை எண்ணாக நம்பாதீர்கள்

தமிழ் எழுத்துகளைக் கையாளும் புரோகிராம் எழுதுகிறவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்து மூன்று பைட்: 224, 174, 133. தமிழ் எழுத்து எல்லாமே 224-இல் தொடங்கும். அதனால் தமிழைக் கண்டுபிடிக்க இப்படி எழுதத் தோன்றும்:

    சார் ப = வரி[0];
    இஃப் (ப == 224)

இன்டெல் லினக்ஸ் மெஷினில் இது ஒருநாளும் மெய்யாகாது. அங்கே சார் சைன்டு. 224 என்ற பைட் -32 ஆக உள்ளே இருக்கிறது. ஒப்பிடும்போது இன்டாக உயர்ந்தாலும் -32 தான். அதே கோட் ராஸ்பெரி பை-யில், அதாவது ஆர்ம் லினக்ஸில், சரியாக ஓடும்; அங்கே சார் அன்சைன்டு. சைனை கம்பைலர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது சி தரம். ஆங்கில எழுத்துகள் 127-க்குள் முடிந்துவிடுவதால் ஆங்கிலத்தில் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது, தமிழில் ஓட்டும் நமக்குத்தான் வந்து சேரும். பைட்டின் மதிப்பைப் பார்க்கும் எந்த வேரியபிளையும் அன்சைன்டு சார் என்று அறிவியுங்கள்.

கெட்சார் தருவதை சாரில் வாங்குவதும் இதே குடும்பம். அது இன்ட் தருவதற்குக் காரணம், 256 பைட் மதிப்புகளோடு ஃபைல் முடிவு என்ற 257-வது பதிலையும் சொல்ல வேண்டியிருப்பதுதான். சாரில் வாங்கினால், சைன்டு மெஷினில் 255 என்ற பைட் வந்ததும் ஃபைல் முடிந்தது என்று நினைத்து நிற்கும். அன்சைன்டு மெஷினில் ஃபைல் முடிந்தாலும் லூப் நிற்காது. இன்டில் வாங்குங்கள், முடிவா என்று சோதியுங்கள், பிறகு சாருக்கு மாற்றுங்கள்.

படி 6: லூப்

சுருக்கமாக இரண்டு. யூஇன்ட்8_டி வேரியபிளை 256-ஐவிடச் சிறியதா என்று கேட்கும் லூப் முடியாது, 255-க்குப் பிறகு 0. சைஸ்_டி வேரியபிளை இறக்கிக்கொண்டே ‘>= 0’ என்று கேட்கும் லூப்பும் முடியாது. பின்னோக்கிப் போக ‘ஃபார் (சைஸ்_டி ஐ = எண்ணிக்கை; ஐ-- > 0; )’ என்று எழுதுங்கள்; சோதித்த பிறகு குறைப்பதால் எண்ணிக்கை 0 ஆக இருந்தாலும் தவறாது.

படி 7: ஒப்பீட்டுக்குள் கணக்கு இருந்தால்

‘இருப்பது + வருவது > கொள்ளளவு’ என்பதில் கூட்டலே சுற்றிவந்து சின்ன எண் ஆகிவிடலாம். கணக்கை அடுத்த பக்கத்துக்கு நகர்த்துங்கள்: ‘வருவது > கொள்ளளவு - இருப்பது’. இருப்பது ஒருபோதும் கொள்ளளவைத் தாண்டாது என்று உங்கள் கோட் உறுதி தரும்போது மட்டும் இந்தக் கழித்தல் பத்திரம்.

பெருக்கலில் காஸ்ட் எங்கே நிற்கிறது என்பதுதான் எல்லாம். ‘(யூஇன்ட்64_டி)(அகலம் * உயரம்)’ என்றால் 32 பிட்டில் பெருக்கி, பிட் உதிர்ந்த பிறகு 64 பிட் ஆக்குகிறோம். உதிர்ந்தது திரும்பி வராது. ‘(யூஇன்ட்64_டி)அகலம் * உயரம்’ என்று அடைப்பை எடுத்தால் பெருக்கலே 64 பிட்டில் நடக்கும். சி23 தரத்தில் சிகேடி_ஆட், சிகேடி_சப், சிகேடி_மல் என்று மூன்று வந்திருக்கின்றன. விடை இலக்கு டைப்பில் அடங்காவிட்டால் மெய் என்று திருப்பிச் சொல்லும். உள்ளே வரும் எண்களின் டைப் கலந்து இருந்தாலும் சரியாகக் கணக்கிடும் என்பதால் நமக்கு மிகவும் பொருத்தம். பழைய கம்பைலர் என்றால், ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்பு முதல் இதே வேலையைச் செய்யும் பில்ட்-இன்கள் இருக்கின்றன.

படி 8: கம்பைலரைப் பேச விடுங்கள்

ஜிசிசி-யில் -டபிள்யூஆல் போட்டால் எல்லா வார்னிங்கும் வரும் என்று நினைப்பவர்கள் நிறைய. சி கோடுக்கு சைன்டு, அன்சைன்டு ஒப்பீட்டு வார்னிங் அதில் இல்லை, -டபிள்யூஎக்ஸ்ட்ராவில்தான் வருகிறது. அது படி 4-இன் பிழையைப் பிடிக்கும். ஆனால் பெரியதைச் சிறியதில் போடும் வெட்டைப் பிடிக்க -டபிள்யூகன்வெர்ஷன் தனியாக வேண்டும், அது இந்த இரண்டிலும் சேராது. விஷுவல் ஸ்டுடியோவில் சி4018, சி4244, சி4267 என்ற எண்களைக் கண்டால் கடந்து போகாதீர்கள். கடைசியானது சைஸ்_டி சிறிய டைப்புக்குப் போவதைச் சொல்வது.

பழைய புராஜெக்டில் -டபிள்யூகன்வெர்ஷனைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் கொட்டும். அப்போது எல்லாவற்றுக்கும் காஸ்ட் போட்டு வாயை மூடும் ஆசை வரும். அதை மட்டும் செய்யாதீர்கள். காஸ்ட் போட்ட இடத்தில் கம்பைலர் அதன் பிறகு பேசாது. பிழை அப்படியே இருக்கும், சாட்சி மட்டும் போய்விடும். வெளியிலிருந்து தரவு வாங்கும் ஃபைல்களை, அதாவது பார்சர், நெட்வொர்க், ஃபைல் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்து, ஒவ்வொரு வார்னிங்கிலும் வேரியபிளின் டைப்பையே பெரிதாக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

க்ளாங் கம்பைலரில் இன்னொரு கருவி இருக்கிறது: -எஃப்சானிடைஸ்=இம்ப்ளிசிட்-கன்வெர்ஷன். ஓடும்போது 300 என்பது யூஇன்ட்8_டி-யில் விழுந்து 44 ஆனால், எந்த ஃபைல், எந்த வரி, எந்த மதிப்பு எதுவாக மாறியது என்று அச்சிடும். ஹேஷ் கணக்கு போல வேண்டுமென்றே வெட்டும் இடங்களில் காஸ்டை வெளிப்படையாக எழுதியிருந்தால் அது தொந்தரவு செய்யாது. வேண்டுமென்று வெட்டும் இடத்தில் மட்டும் காஸ்ட் என்ற ஒழுங்கு இங்கே பலன் தருகிறது.

நான் முதலில் காட்டிய டைமர் வரிக்கு ஜிசிசி இந்த எந்த வார்னிங்கும் தராது. அங்கே வெட்டே நடக்கவில்லை, நடக்க வேண்டிய வெட்டு நடக்காததுதான் பிழை. அதைப் பிடிக்கச் சோதனை ஒன்றே வழி.

படி 9: எல்லையில் நின்று சோதியுங்கள்

ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் -1, 0, 127, 128, 255, 256, 32767, 32768, 65535, 65536, 2147483647, 2147483648, 4294967295, 4294967296 ஆகியவற்றில் டைப்புக்குப் பொருந்துபவற்றைக் கொடுத்துப் பாருங்கள். நீளச் சோதனைக்கு 65536 + 10 போல, வெட்டினால் சாதுவான எண்ணாகத் தெரியும் மதிப்பைக் கட்டாயம் சேருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டிலும் ஓட்டுங்கள். சார் சைனைப் புரட்ட ஜிசிசி-யில் -எஃப்அன்சைன்டு-சார் என்ற ஆப்ஷன் உண்டு. அது போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை.

சுற்றிவரும் கவுன்ட்டர்களுக்கு லினக்ஸ் கெர்னல்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள். நேரத்தை எண்ணும் கெர்னலின் ஜிஃபீஸ் கவுன்ட்டர் 0-விலிருந்து தொடங்குவதில்லை. பூட் ஆகி 5 நிமிஷத்திலேயே 32 பிட் எல்லையைத் தாண்டிச் சுற்றிவரும்படி தொடக்க மதிப்பை வைத்திருக்கிறார்கள். ஒப்பீட்டில் தப்புச் செய்த டிரைவர் எதுவானாலும் பல நாள் கழித்துக் களத்தில் இல்லாமல், எழுதியவரின் மேசையிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த மோட்டார் கன்ட்ரோலரின் டெஸ்ட் பில்டில் இப்போது, காத்திருக்கும் நிலைக்குள் நுழைவதற்கு முன் கவுன்ட்டரை 65500-க்கு வைக்கும் ஒரு வரி இருக்கிறது. பழைய ஒப்பீட்டைத் திருப்பிப் போட்டால் முதல் ஓட்டத்திலேயே உறைந்து நிற்கிறது.